முன்னுரிமையிலிருந்து பொதுப்பொறுப்புக்கு: கடலில் மோதல் தவிர்ப்பு விதிகளின் வரலாறு

கடலில் இரு கப்பல்கள் ஒன்றையொன்று நெருங்கும்போது எது விலக வேண்டும், எது தன் போக்கில் தொடர வேண்டும் என்பதை 1972ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று ஏற்கப்பட்டு 1977ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று நடைமுறைக்கு வந்த பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகள் இன்று வரையறுக்கின்றன. இவ்விதிகள் ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளாகப் படிப்படியாக உருவானவை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புதிய கருவியோ பெரும் விபத்தோ பழைய விதியின் குறையை வெளிப்படுத்தியது. அக்குறையைக் களைய எழுந்த திருத்தங்களை வரிசைப்படுத்தி நோக்கினால், ஒரு கப்பலுக்கு வழியுரிமை அளிப்பது என்ற தொடக்கநிலைக் கருத்து மெல்லப் பின்தள்ளப்பட்டு, மோதலைத் தவிர்ப்பது இரு கப்பல்களுக்கும் உரிய கடமை என்ற கருத்து மேலோங்கியதைக் காணலாம். அம்மாற்றத்தின் முதன்மையான கட்டங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாய்மரக் காலத்து வழக்காறுகள்

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் விதியைத் தீர்மானித்தது காற்று. காற்று வரும் திசைக்கு இயன்றவரை நெருங்கி, அதை எதிர்த்து முன்னேறும் கப்பல் எளிதில் திரும்ப இயலாது. காற்றைப் பின்னாலோ பக்கவாட்டிலோ வாங்கிச் செல்லும் கப்பலுக்கு அந்த இடர் குறைவு. எனவே பின்னது முன்னதற்கு வழிவிட்டது. இரண்டும் காற்றை எதிர்த்துச் செல்லுமாயின், இடப்புறத்தில் காற்றை வாங்கும் கப்பல் விலக, வலப்புறத்தில் வாங்கும் கப்பல் தன் போக்கைத் தொடர்ந்தது. எளிதாக விலகக்கூடியதே விலக வேண்டும் என்ற இந்த அடிப்படை, பிற்கால விதிகள் அனைத்திலும் தொடர்ந்து வருகிறது.

நீராவிக் கப்பல் இந்த ஒழுங்கைக் கலைத்தது. காற்றைச் சாராமல் எத்திசையிலும் விரைந்து செல்லக்கூடிய கலங்கள் தம்முள் எதிர்ப்படும்போது எது விலக வேண்டும் என்பதற்கு மரபில் விடை இல்லை. இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களையும் வழிகாட்டி மாலுமிகளையும் நிருவகித்த டிரினிட்டி ஹவுஸ் என்னும் அமைப்பு, குறுகிய நீர்வழியில் எதிரெதிரே வரும் நீராவிக் கப்பல்கள் ஒன்றையொன்று தத்தம் இடப்புறத்தில் விட்டுக் கடக்க வேண்டும் என்று 1840இல் விதி வகுத்தது. இவ்விதி 1846இல் நாடாளுமன்றச் சட்டத்தில் இடம்பெற்றது. இரவில் எதிர்க் கப்பலின் போக்கை அறிய வேண்டிய தேவைக்கு 1848ஆம் ஆண்டின் பிரித்தானியக் கடற்படைத் துறை ஆணை வழிகண்டது. அதன்படி நீராவிக் கப்பல்கள் இடப்புறம் சிவப்பு விளக்கும் வலப்புறம் பச்சை விளக்கும் உயரத்தில் வெள்ளை விளக்கும் ஏந்தின. சிவப்பு மட்டும் தெரிந்தால் எதிர்க் கப்பலின் இடப்பக்கமும், பச்சை மட்டும் தெரிந்தால் வலப்பக்கமும், இரண்டும் தெரிந்தால் அது நேர் எதிரே வருவதும் புலப்பட்டது. பாய்மரக் கப்பல்களுக்கும் பக்க விளக்குகளை ஏந்தும் கடமை 1858இல் வந்தது.

1854இன் பிழையும் 1863இன் திருத்தமும்

ஒற்றை விதியை எல்லாச் சூழலுக்கும் நீட்டினால் விளையும் கேட்டை 1854ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பல் சட்டம் காட்டியது. மோதும் அபாயத்துடன் சந்திக்கும் எந்த இரு கப்பல்களும், பாய்மரமாயினும் நீராவியாயினும், சுக்கான் பிடியை இடப்புறம் தள்ளி, அதாவது கப்பலை வலப்புறம் திருப்பி, ஒன்றையொன்று இடப்புறத்தில் விட்டுக் கடக்க வேண்டும் என்று அச்சட்டம் பணித்தது. நேர் எதிரே சந்திக்கும்போது பயன்தந்த இந்த ஆணை, பாதைகள் குறுக்கிடும்போதும், ஒன்றன் வலப்புறத்தை மற்றொன்று பாதுகாப்பாகக் கடக்கவிருந்தபோதும் கேடாக முடிந்தது. விலகியே சென்றிருக்கக்கூடிய கப்பல்கள் விதிக்குக் கட்டுப்பட்டு எதிர்க் கப்பலின் முன்பாகத் திரும்பின.

பிரெஞ்சு அரசின் கலந்தாய்வுடன் பிரித்தானிய வணிக வாரியம் வகுத்து 1863இல் நடைமுறைப்படுத்திய தொகுப்பு இப்பிழையைத் திருத்தியது. வலப்புறம் திரும்பும் ஆணை நேர் எதிர்ச் சந்திப்புக்கு மட்டும் உரியதாயிற்று. இரு நீராவிக் கப்பல்களின் பாதைகள் குறுக்கிடும்போது, மற்றதைத் தன் வலப்புறத்தில் காணும் கப்பல் விலக வேண்டும். நீராவிக் கப்பல் பாய்மரக் கப்பலுக்கு வழிவிட வேண்டும். முந்திச் செல்லும் கப்பல் முந்தப்படும் கப்பலை விட்டு விலகிச் செல்ல வேண்டும். 1864ஆம் ஆண்டு முடிவதற்குள் ஜெர்மனி, அமெரிக்கா உள்ளிட்ட முப்பதுக்கும் மேற்பட்ட கடல்வணிக நாடுகள் இவற்றை ஏற்றன. சிறப்புச் சூழல்களில் உடனடி ஆபத்தைத் தவிர்க்க விதியிலிருந்து விலகலாம் என்ற பிரிவும், கடலோடிக்குரிய இயல்பான எச்சரிக்கையைக் கைவிட்டவருக்கு விதிகள் அரணாகா என்ற பிரிவும் அத்தொகுப்பிலேயே இடம்பெற்றன. பொதுப்பொறுப்பு என்னும் கருத்தின் வித்து இவ்விரு பிரிவுகளில் உள்ளது.

வாஷிங்டன் மாநாடும் அதன் பின்னரும்

அமெரிக்காவின் முன்முயற்சியால் 1889இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுக் கடல்சார் மாநாடு, போக்கைத் தொடரும் கப்பல் திசையோடு வேகத்தையும் மாற்றாதிருக்க வேண்டும் என்றும், விலகும் கப்பல் இயன்றவரை மற்றதன் முன்புறமாகக் கடக்கக் கூடாது என்றும் வரையறுத்தது. ஒரு கப்பலின் நகர்வை மற்றது முன்கூட்டியே கணிக்க இயல வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. ஆயினும், விலக வேண்டிய கப்பலின் செயலால் மட்டும் மோதலைத் தவிர்க்க முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டால் மற்றதும் செயற்பட வேண்டும் என்ற கடமையும் அங்கேயே உருப்பெற்றது. பல நாடுகளில் 1897இல் நடைமுறைக்கு வந்த இவ்விதிகள், 1910இல் பிரஸ்ஸல்ஸ் மாநாடு செய்த சிறு மாற்றங்களுடன், 1948ஆம் ஆண்டின் திருத்தங்கள் 1954இல் நடைமுறைக்கு வரும்வரை நீடித்தன.

ராடார் எழுப்பிய சிக்கல்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் வணிகக் கப்பல்களில் பரவிய ராடார், மூடுபனியிலும் எதிர்க் கப்பலைக் காட்டியது. ஆனால் கண்ணால் காண்பதும் கருவியில் காண்பதும் ஒன்றா என்ற வினாவுக்கு விதிகளில் விடை இல்லை. 1956ஆம் ஆண்டு ஜூலை 25 இரவில் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால், நியூயார்க் நோக்கி வந்த இத்தாலியப் பயணிகள் கப்பல் ஆந்திரேயா தோரியாவும் அங்கிருந்து புறப்பட்ட சுவீடியக் கப்பல் ஸ்டாக்ஹோமும் மோதியது இச்சிக்கலின் உச்சம். இரண்டும் ஒன்றையொன்று ராடாரில் முன்பே கண்டிருந்தன. வலப்புறம் கடக்க எண்ணி ஒன்று இடப்பக்கமும், இடப்புறம் கடக்க எண்ணி மற்றொன்று வலப்பக்கமும் திரும்ப, 51 பேர் உயிரிழந்தனர். பனியிலும் ஆந்திரேயா தோரியாவின் வேகம் மணிக்கு 23 கடல்மைலிலிருந்து ஏறத்தாழ 22 ஆகவே குறைக்கப்பட்டிருந்தது. இதன் பின்னர் 1960இல் இலண்டனில் திருத்தப்பட்டு 1965இல் நடைமுறைக்கு வந்த விதிகளில், ராடார் தகவலைப் பயன்படுத்துவதற்கான பரிந்துரைகள் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டன.

பிரிக்கப்பட்ட வழிகளும் 1972 உடன்படிக்கையும்

கப்பல்கள் மிகுந்த நீர்வழிகளில், இரு கப்பல்கள் சந்தித்த பின் என்ன செய்வது என்பதைவிட அச்சந்திப்பையே குறைப்பது மேல் என்ற எண்ணம் 1960களில் வலுத்தது. சாலைகளின் இருவழிப் பிரிப்பைப் போல எதிரெதிர்ப் போக்குகளைத் தனித்தனித் தடங்களில் செலுத்தும் திட்டம் 1967இல் டோவர் நீரிணையில் தொடங்கியது. அதைப் பின்பற்றுவது அப்போது கட்டாயமாக்கப்படவில்லை. 1971 ஜனவரியில் அங்கு டெக்சகோ கரீபியன் என்ற எண்ணெய்க் கப்பலும் பராகாஸ் என்ற சரக்குக் கப்பலும் மோத, மூழ்கிய கப்பலின் சிதைவில் மறுநாள் பிராண்டன்பர்க் என்ற கப்பலும், பிப்ரவரியில் நிக்கி என்ற கப்பலும் மோதி மூழ்கின. இத்தொடர் விபத்துகளில் ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். 1972 உடன்படிக்கையின் பத்தாம் விதி, இவ்வழித்தடங்களைப் பயன்படுத்தும் கப்பல்களுக்கான ஒழுங்கைக் கட்டாயமாக்கியது.

அவ்வுடன்படிக்கையின் ஆழமான மாற்றங்கள் வேறு மூன்று விதிகளில் உள்ளன. ஆறாம் விதி, பார்வை தெளிந்த நாளிலும் எல்லாக் கப்பல்களும் சூழலுக்கேற்ற பாதுகாப்பான வேகத்திலேயே செல்ல வேண்டும் என்கிறது. பதினேழாம் விதியின்படி, விலக வேண்டிய கப்பல் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை எனத் தெளிவானதும், போக்கைத் தொடரும் கப்பல் இறுதிக் கணம்வரை காத்திராமல் தானே செயற்படலாம். பத்தொன்பதாம் விதி, பார்வை மறைந்த சூழலில் ஒன்றையொன்று கண்ணால் காணாத கப்பல்களுள் எதற்கும் போக்கைத் தொடரும் தகுதியை வழங்குவதில்லை. வலைகளாலோ இழுவலைகளாலோ நகர்வு கட்டுண்டு மீன்பிடிக்கும் படகுக்கு இயந்திரக் கப்பல் விலக வேண்டும் என்று பதினெட்டாம் விதி கூறினாலும், பிரிக்கப்பட்ட தடத்தில் செல்லும் கப்பலுக்கு அப்படகு இடையூறு செய்யலாகாது என்று பத்தாம் விதி கூறுகிறது. ஆதலின் தமிழகக் கடலோரத்து இழுவைப்படகுக்கும் பெருங்கப்பலுக்கும் இடையிலான உறவும் ஒருபக்கச் சலுகையாக அமையாமல் இருபுறக் கடமையாகவே அமைகிறது.

முடிவுரை

விலகல், தொடர்தல் பற்றிய விதிகள் பெரும்பாலும் இரு கப்பல்களின் சந்திப்பையே கருதி எழுதப்பட்டவை. மூன்றாவது கப்பல் சேரும்போது ஒன்றன்பால் விலகவும் மற்றதன்பால் போக்கைத் தொடரவும் ஒரே கப்பல் கடமைப்படக்கூடும். அத்தகைய நிலைக்குத் தனிவிதி வகுக்காமல், 1863இன் பிரிவுகளிலிருந்து வளர்ந்த இரண்டாம் விதியின் பொறுப்புணர்வுக்கே 1972 உடன்படிக்கை அதை விட்டுள்ளது. ஆளில்லாக் கப்பல்களுக்கான ஒழுங்குமுறையைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு ஆராய்ந்துவரும் இக்காலத்தில் இவ்வரலாறு பொருத்தமுடையது. விளக்கின் நிறத்தையும் பாதையின் கோணத்தையும் கணினி நிரலாக எழுதிவிடலாம்; விதியிலிருந்து எப்போது விலக வேண்டும் என்று அறியும் கடலோடியின் தீர்ப்பை யார் ஏற்பது, அதற்கு யார் பொறுப்பு என்பதே அடுத்த திருத்தம் தீர்க்க வேண்டிய சிக்கலாகும்.