மீத்திறன் கணினிகளின் வேகத்தை இயங்குதளம் தீர்மானிப்பது எப்படி?

வானிலை முன்னறிவிப்பு, மருந்து ஆய்வு, அணு இயற்பியல் போன்ற துறைகளுக்கான பெருங்கணக்கீடுகளை மேற்கொள்ளும் மீத்திறன் கணினிகள், ஆயிரக்கணக்கான கணினிகள் அதிவேக வலையமைப்பால் இணைக்கப்பட்ட தொகுப்புகளாகும். தொகுப்பில் உள்ள ஒவ்வொரு கணினியும் கணு எனப்படுகிறது. ஒவ்வொரு கணுவிலும் தனித்தனியே ஓர் இயங்குதளம் செயல்படுகிறது. வன்பொருள் ஒன்றாகவே இருந்தாலும், இயங்குதளத்தின் அமைப்பு மாறும்போது தொகுப்பின் வேகம் பெருமளவு மாறக்கூடும்.

லினக்ஸின் ஆதிக்கம்

உலகின் அதிவேகக் கணினிகளை வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியல், 1993-ம் ஆண்டு முதல் ஆண்டுக்கு இருமுறை வெளியிடப்படுகிறது. தொடக்கக் காலத்தில் அப்பட்டியலில் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களே கோலோச்சின. மைக்ரோசாப்ட் நிறுவனமும் இத்துறையில் முயன்று பார்த்தது. 2008-ம் ஆண்டு நவம்பர் பட்டியலில், விண்டோஸ் இயங்குதளத்துடன் சீனாவின் ஷாங்காய் மீத்திறன் கணினி மையத்தில் இயங்கிய டானிங் 5000ஏ, 180.6 டெராஃப்ளாப்ஸ் வேகத்துடன் 10-வது இடத்தைப் பிடித்தது.

எனினும், மூல நிரலைத் தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் உரிமையும், கணுக்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப உரிமக் கட்டணம் செலுத்த வேண்டிய கட்டாயம் இல்லாமையும் லினக்ஸுக்குச் சாதகமாக அமைந்தன. 2017-ம் ஆண்டு நவம்பர் பட்டியலில் இடம்பெற்ற 500 கணினிகளும் லினக்ஸிலேயே இயங்கின. ஆகவே, இன்றைய ஒப்பீடுகள் பெரும்பாலும் லினக்ஸின் வெவ்வேறு வடிவங்களுக்கும் அமைப்புகளுக்கும் இடையே நடைபெறுகின்றன.

காணாமற்போன பாதி வேகம்

இயங்குதளத்தின் தாக்கத்தைத் தெளிவாக உணர்த்திய நிகழ்வு, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் பதிவானது. அங்கு நிறுவப்பட்ட ஆஸ்கி கியூ கணினியில் 8,192 செயலிகள் இருந்தன. ஆனால், கணித மாதிரிகள் கணித்த வேகத்தில் ஏறத்தாழ பாதியே முக்கியப் பயன்பாட்டு நிரல் ஒன்றில் கிடைத்தது. பெரிய அளவிலான இயக்கங்களில், கணுவுக்கு நான்கு செயலிகளைப் பயன்படுத்துவதைவிட மூன்றை மட்டும் பயன்படுத்தியபோது வேகம் கூடியது விந்தையாக இருந்தது.

2003-ம் ஆண்டு வெளியான ஆய்வறிக்கை இதற்கான காரணத்தை விளக்கியது. கணுக்களின் நிலையைக் கண்காணிக்கும் சிறு பின்னணிப் பணிகள் அவ்வப்போது விழித்தெழுந்து, கணக்கீட்டை நிறுத்திவைத்தன. நான்காவது செயலி ஓய்வாக இருந்தபோது அப்பணிகளை அது ஏற்றுக்கொண்டது. தேவையற்ற பணிகளை நீக்கி, எஞ்சியவற்றின் இடைவெளியை அதிகரித்ததும், புதிய வன்பொருள் எதுவுமின்றி அந்நிரலின் வேகம் ஏறத்தாழ இருமடங்கானது.

இரைச்சல் என்றால் என்ன?

இத்தகைய இடையூறுகள் 'இயங்குதள இரைச்சல்' எனப்படுகின்றன. தனிக் கணினியில் இவற்றின் பாதிப்பு மிகச் சொற்பம். ஆனால் தொகுப்பில், ஒவ்வொரு கணக்கீட்டுப் படியின் முடிவிலும் எல்லாக் கணுக்களும் ஒன்றுக்கொன்று காத்திருந்து தரவைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். எனவே, மிகத் தாமதமான கணுவின் வேகமே தொகுப்பின் வேகமாகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு கணு 10 விநாடிக்கு ஒருமுறை மட்டுமே இடையூறுக்கு உள்ளாவதாகக் கொள்வோம். 10,000 கணுக்கள் கொண்ட தொகுப்பில், சராசரியாக ஒவ்வொரு மில்லி விநாடியும் ஏதேனும் ஒரு கணு தடைபடும். மற்ற 9,999 கணுக்களும் அதற்காகக் காத்திருக்கும்.

தீர்வுகள்

ஐபிஎம் நிறுவனத்தின் புளூஜீன்/எல் கணினியில், கணக்கிடும் கணுக்களுக்கு மிக எளிய கருநிரல் ஒன்றும், உள்ளீடு மற்றும் வெளியீட்டுக் கணுக்களுக்கு லினக்ஸும் பயன்படுத்தப்பட்டன. ஜப்பானின் ஃபுகாகு கணினியில், ஒவ்வொரு செயலியிலும் கணக்கீட்டுக்கான 48 கருவகங்களுடன், இயங்குதளப் பணிகளுக்கெனத் துணைக் கருவகங்கள் தனியாக உள்ளன. பொதுவான லினக்ஸ் தொகுப்புகளிலும் தேவையற்ற சேவைகளை நிறுத்துதல், சில கருவகங்களை இயங்குதளத்துக்கு ஒதுக்குதல், 4 கிலோபைட் நினைவகப் பக்கங்களுக்குப் பதிலாக 2 மெகாபைட் பக்கங்களைப் பயன்படுத்துதல் ஆகிய முறைகள் கையாளப்படுகின்றன.

ஒப்பீட்டில் கவனிக்க வேண்டியவை

டாப்500 பட்டியலுக்கு அடிப்படையான லின்பேக் சோதனையில் கணக்கீட்டின் பங்கே மிகுதி. கணுக்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் தருணங்கள் ஒப்பீட்டளவில் குறைவு. ஆகையால், இயங்குதளங்களுக்கு இடையிலான வேறுபாடு அதில் எளிதில் புலப்படாது. ஒரே அளவு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து, அதற்கான நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என அளவிடும் சோதனைகளே இரைச்சலை வெளிக்கொணரும். சில கணுக்களில் பெற்ற முடிவை முழுத் தொகுப்புக்கும் பொருத்திப் பார்ப்பதும் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

வேகத்துடன் பராமரிப்பும் முக்கியம். ஆய்வகங்களில் பரவலாகப் பயன்பட்ட சென்ட்ஓஎஸ் 7 பதிப்புக்கான ஆதரவு 2024-ம் ஆண்டு ஜூன் 30-ம் தேதியுடன் முடிவடைந்ததால், பல மையங்கள் ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ் போன்ற மாற்றுகளை நாட நேர்ந்தது.

இந்தியாவுக்கு இதன் முக்கியத்துவம்

இந்தியாவில் வானிலை, பருவநிலை ஆய்வுகளுக்காக ரூ.850 கோடி மதிப்பில் அமைக்கப்பட்ட கணினி அமைப்புகளைப் பிரதமர் நரேந்திர மோடி 2024-ம் ஆண்டு செப்டம்பர் 26-ம் தேதி தொடங்கிவைத்தார். புனேவில் உள்ள அர்கா 11.77 பெட்டாஃப்ளாப்ஸ் திறனும், நொய்டாவில் உள்ள அருணிகா 8.24 பெட்டாஃப்ளாப்ஸ் திறனும் கொண்டவை. புயல், கனமழை முன்னறிவிப்புகள் குறித்த நேரத்துக்குள் வெளியாக வேண்டும் என்பதால், அறிவிக்கப்பட்ட திறனில் எவ்வளவு பங்கு உண்மையான கணக்கீட்டுக்குக் கிடைக்கிறது என்பது இத்தகைய மையங்களுக்கு இன்றியமையாத கேள்வியாகும்.