மேடே: கிராய்டனில் பிறந்த சொல்

விமானி ஆபத்தில் எழுப்பும் ‘மேடே’ குரலுக்கும் மே தினத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லண்டனை அடுத்த கிராய்டன் விமான நிலையத்தில் 1923இல் பிறந்த சொல் இது. அங்கே மூத்த வானொலி அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் ஸ்டான்லி மாக்ஃபோர்டு இதை உருவாக்கினார். கப்பல்களுக்கு எஸ்ஓஎஸ் இருந்தது. தந்தியில் தட்டும்போது அது தெளிவாகக் கேட்கும்; வாயால் சொன்னால் இரைச்சலில் ‘எஸ்’ எழுத்து பிடிபடாது. கிராய்டனுக்கு வந்துபோன விமானங்களில் பெரும்பாலானவை பாரிசின் லெ பூர்ஷே நிலையத்தோடு தொடர்புடையவை. அதனால் மாக்ஃபோர்டு பிரெஞ்சுக்குப் போனார். ‘எனக்கு உதவுங்கள்’ என்னும் பொருள் தரும் ‘மெதே’ ஆங்கில நாவில் ‘மேடே’ ஆயிற்று. 1927இல் வாஷிங்டன் மாநாடு அதை உலகத்துக்கே பொதுவாக்கியது.

அதன் தம்பி ‘பான் பான்’. பழுது என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அவசரம், ஆனால் உயிராபத்து இன்னும் இல்லை என்பதைச் சொல்வது.

மேடேயை மூன்று முறை சொல்ல வேண்டும். அரைகுறையாகக் காதில் விழுந்தாலும் வேறொன்றாக மயங்கக் கூடாதல்லவா? கேட்டவுடன் கட்டுப்பாட்டாளர் மற்றவர்களை ஒதுக்கி அந்த விமானத்துக்கு வழிவிடுவார்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1990 ஜனவரி 25 சாட்சி. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52, மோசமான வானிலையால் வழியில் மூன்று இடங்களில் மொத்தம் 1 மணி 17 நிமிடம் வட்டமடித்தது. முதல் முயற்சியில் தரையிறங்க முடியவில்லை. அவசரநிலை என்று சொல்லச் சொன்னார் தலைமை விமானி. துணை விமானியோ எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டுமே தெரிவித்தார். நெரிசலான நிலையத்தில் அது வழக்கமாகக் காதில் விழும் பேச்சு. மறுபடி திரும்பி வருவதற்குள் இயந்திரங்கள் அணைந்தன. லாங் தீவின் மரங்களடர்ந்த சரிவில் விழுந்த விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். அந்த ஒற்றைச் சொல் வந்திருந்தால் ஓடுபாதை அவர்களுக்காகக் காத்திருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

2012இல் பன்னாட்டு விதி இதற்கென்றே சொல்லை நீட்டியது. இருப்பு எரிபொருளில் கைவைக்காமல் இறங்க முடியாது என்று தெரிந்தவுடன் விமானி சொல்ல வேண்டியது: “மேடே, மேடே, மேடே, ஃபியூல்.”