டௌசிக், ஹெலன் புரூக் (1898–1986)

அமெரிக்கக் குழந்தை வைத்தியர்; குழந்தைகளின் இருதய நோய்ச் சிகிச்சை தனியொரு துறையாக உருப்பெறக் காரணமாயிருந்தவர்களுள் முதன்மையானவர். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் 1898 மே 24-இல் பிறந்தார். தந்தையார் ஹார்வர்டு சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர். தாயார் க்ஷயரோகத்தால் இறந்தபோது ஹெலனுக்கு வயது பதினொன்று. எழுத்துக்களை இனங்கண்டு வாசிப்பதில் இளமை முதற்கொண்டு அவருக்கு இடர்ப்பாடு இருந்தது.

கலிபோர்னியா சர்வகலாசாலையில் 1921-இல் பட்டம் பெற்றார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அக்காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாமையால், பாஸ்டன் சர்வகலாசாலையில் சிறிது காலம் பயின்றபின், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சேர்ந்து 1927-இல் வைத்தியரானார்.

1930-இல் எட்வர்ட்ஸ் பார்க் என்னும் பேராசிரியர் அவரை அங்குள்ள ஹாரியட் லேன் குழந்தை மருத்துவமனையின் இருதயப் பிரிவுக்குத் தலைவராக்கியதோடு, பிறவிக் கோளாறுகளை ஆராயுமாறும் தூண்டினார். அந்நாட்களிலேயே செவிப்புலன் குன்றிவந்தமையால், பிற வைத்தியர் ஸ்டெதாஸ்கோப்பால் கேட்டறிந்ததை அவர் குழந்தையின் மார்பில் விரல்களை மெல்ல வைத்து, துடிப்பாலும் அதிர்வாலும் உணர்ந்தறியப் பழகிக்கொண்டார். எக்ஸ்-கதிர்த் திரையில் இருதயத்தின் உருவத்தைப் பல கோணங்களில் நோக்கி, உயிரோடிருக்கையில் கண்டதை இறந்தபின் செய்த பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

இவ்வாறு, உடல் நீலம் பாரித்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்த அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. ஃபாலோ என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1888-இல் விவரித்த நால்வகைக் கோளாற்றில் நுரையீரலுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது; கருப்பையில் மகா தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்திருந்த நாளம் பிறந்தபின்னும் திறந்திருக்குமளவும் குழந்தை ஓரளவு தேறியிருக்கிறது, அது மூடியதும் நிலைமை மோசமாகிறது. ஆதலின் அத்தகைய நாளமொன்றைச் செயற்கையாக அமைக்கலாகாதா என எண்ணினார். திறந்த நாளத்தை 1938-இல் கட்டி மூடிப் புகழ்பெற்றிருந்த ராபர்ட் கிராஸ் இக்கருத்தில் நாட்டங்கொள்ளவில்லை என்பர்.

1941-இல் ஹாப்கின்ஸுக்கு வந்த அறுவை வைத்தியர் ஆல்ஃபிரட் பிளேலாக்கும் அவருடைய ஆய்வுகூடத்து உதவியாளர் விவியன் தாமஸும் டௌசிக்கின் கருத்தை நாய்களிடம் சோதித்து முறையை வகுத்தனர். 1944 நவம்பர் 29-இல் பதினைந்து மாதப் பெண் குழந்தையொன்றுக்குக் கைக்குச் செல்லும் தமனி நுரையீரல் தமனியோடு இணைக்கப்பட்டது. அக்குழந்தை தேறியும் சில மாதங்களில் மறைந்தது. மூன்றாவதாகச் சிகிச்சை பெற்ற சிறுவனின் உதடுகள் அறுவை மேசைமீதே செந்நிறம் பெற்றதை உடனிருந்தோர் பிற்காலத்தும் வியந்து நினைவுகூர்ந்தனர். இம்முறையின் பெருமை மூவருள் யாருக்கு எவ்வளவு உரியது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. இம்முறை பற்றி 1945-இல் வெளியான கட்டுரையில் இடம்பெறாத, கறுப்பினத்தவரான தாமஸின் பெயரையும் இக்காலத்தார் பலர் சிகிச்சையின் பெயரோடு சேர்த்தே வழங்குகின்றனர்.

பிறவி இருதயக் கோளாறுகள் பற்றிய டௌசிக்கின் பெருநூல் 1947-இல் வெளிவந்தது. 1959-இல் முழுப் பேராசிரியரானார். 1962-இல் ஜெர்மனி சென்று, தாலிடோமைடு மருந்தால் சிசுக்களுக்கு நேர்ந்த அங்கக் குறைகளை நேரில் விசாரித்துத் தாய்நாட்டை எச்சரித்தார். 1965-இல் அமெரிக்க இருதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1986 மே 20-இல் மோட்டார் விபத்தில் காலமானார்.

ஃபாலோ கோளாற்றை இருதயத்தைத் திறந்தே சீர்செய்யும் முறை 1954-இல் தோன்றியது. எனினும், உடனே அதற்கு ஆளாக்க இயலாத பச்சிளங்குழந்தைகளுக்கு, தமனிகளைச் செயற்கைக் குழாயால் இணைக்கும் திருந்திய வடிவில் பழைய சிகிச்சை இன்றும் கையாளப்படுகிறது.