பப்பாளி மாவுப்பூச்சியும் தென்னை வெள்ளை ஈயும்

எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு அயல்நாட்டுப் பூச்சிகள் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கோவை வட்டாரத்தில் கண்டறியப்பட்டன. 2008 ஜூலையில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. 2016இல் பொள்ளாச்சித் தோப்புகளில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. இரண்டுக்கும் பூர்வீகம் நடு அமெரிக்கப் பக்கம். இரண்டும் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவைச் சொரிந்து, இலைமேல் கரும்பூசணம் படர வழி செய்பவை. இரண்டையும் அடக்கக்கூடியவை கடுகளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவிகள். இருந்தும் மாவுப்பூச்சியின் கொட்டம் மூன்று, நான்கு ஆண்டுகளில் அடங்கிவிட்டது. வெள்ளை ஈ இன்றும் தோப்பை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு அரசு குளவி கொண்டுவந்தது, இன்றைக்குக் கொண்டுவரவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. உண்மை அதுவல்ல.

மாவுப்பூச்சி பப்பாளியோடு நிற்கவில்லை. குச்சிக்கிழங்கு, மல்பெரி, பருத்தி, வீட்டுச் செம்பருத்தி, வேலியோரப் பார்த்தீனியம் என்று எல்லாவற்றிலும் ஏறியது. உடம்பெல்லாம் மெழுகு மாவு போர்த்தியிருப்பதால் அதன்மேல் அடித்த மருந்து எளிதில் உள்ளே இறங்காது. அது சொரியும் இனிப்புக்காக எறும்புகள் வேறு காவல் நின்றன. மிகவும் நொந்தவர்கள் பட்டுப்புழு வளர்த்தவர்கள்தாம். மருந்தடித்த இலையைப் போட்டால் புழு செத்துவிடும். மருந்தடிக்காவிட்டால் போடுவதற்கு இலையே மிஞ்சாது. மல்பெரியை வேரோடு பிடுங்கியவர்களும் உண்டு. ஸ்பால்ஜிஸ் என்ற நம்மூர்ச் சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு மாவுப்பூச்சியைத் தின்றது. (அதன் கூட்டுப்புழு அச்சாகக் குரங்கு முகம் போலவே இருக்கும், கண்டால் நசுக்கிவிட வேண்டாம்.) ஆனால் பூச்சி பெருகிய வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பூச்சி கடல் கடந்து வந்துவிட்டது, அதைக் கட்டுப்படுத்தும் எதிரி தாய்நாட்டிலேயே தங்கிவிட்டது. சிக்கல் இவ்வளவுதான். 2010இல் பெங்களூரு தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று குளவி இனங்களை வரவழைத்தது. தனிமைக்கூடத்தில் சோதித்த பிறகு, அக்டோபரில் அவை கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் விடப்பட்டன. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற இனம் மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, அதைக் குடைந்து தின்று, வெளியேறிப் பரவியது. அடுத்த ஆண்டே வயல்களில் வித்தியாசம் தெரிந்தது. இதனால் விளைந்த நன்மை ஐந்தாண்டுகளில் 52 கோடி டாலருக்குக் குறையாது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. விவசாயி செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: குளவி விட்ட காட்டில் மருந்தடிக்காமல் இருப்பது. இதே வழியில், குச்சிக்கிழங்கைத் தாக்கிய வேறொரு மாவுப்பூச்சிக்காக ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவித்த குளவி 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

வெள்ளை ஈயிடம் இந்தக் கணக்கு பலிக்காது. அதைத் தாக்கும் என்கார்சியா குவாடலூபே என்ற குளவி 2016க்கு முன்பே இங்கே இருந்தது. 1990களில் கேரளம் வழியாக நுழைந்த வேறொரு சுருள் வெள்ளை ஈயின் தொடர்ச்சியாக, யாரும் கொண்டுவராமலேயே அது வந்து சேர்ந்திருந்தது. பொள்ளாச்சியில் புதிய ஈ இறங்கியதும் குளவி அதையும் பிடித்துக்கொண்டது. ஆகவே நமக்கு இல்லாதது குளவியல்ல, அது பிழைக்க ஏற்ற தோப்புதான்.

வெள்ளை ஈக்குச் சாதகமாக அமைந்தவை பல. அது கண்டறியப்பட்ட ஆண்டில்தான் வடகிழக்குப் பருவமழை மிக மோசமாகப் பொய்த்தது. வறண்ட காலத்தில்தான் இந்த ஈ பெருகும். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை என்று தோப்பு இடைவெளியின்றி நீள்கிறது. மாவுப்பூச்சியின் பெண் சிறகற்றது. இந்த ஈயோ பறந்து போகிறது. ஆண்டு முழுவதும் மரத்தில் ஓலை இருக்கிறது. போதாததற்கு, கூடு கட்டும் வேறு வெள்ளை ஈக்களும் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டன. இதையெல்லாம் நாம் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பவற்றில் முதன்மையானது மருந்தைத் தவிர்ப்பது. மருந்தடித்தால் ஈ கொஞ்சம் குறையும், குளவி அடியோடு சாகும். மிஞ்சிய ஈ சில வாரங்களில் எதிரியின்றிப் பெருகும். பக்கத்துத் தோப்புக்காரர் அடித்தாலும் இதே கதிதான் என்பதால், மாவுப்பூச்சிக்குத் தேவைப்படாத ஊர்க் கட்டுப்பாடு இதற்குத் தேவைப்படுகிறது. ஆராய்ச்சியாளர்களின் பரிந்துரைகளும் எளியவைதாம்: விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி, ஓலையின் அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுதல், கரும்பூசணம் உதிர மைதாப் பசைக் கரைசல், ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையம் வளர்த்துத் தரும் என்கார்சியா. இந்த ஈ மரத்தைக் கொல்வதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் பதற்றம் குறையும். தென்னையைத் தாக்கும் வேறொரு நோயான வேர்வாடலை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் பூச்சியை வென்றது விஞ்ஞானிகளின் வேலை. இரண்டாவதை அடக்குவது பெரும்பாலும் தோப்புக்காரர்களின் வேலை. அதில் அரசுக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை; குளவி வளர்ப்பை இன்னும் பல ஊர்களில் நடத்த வேண்டும், மருந்துக்கு மானியம் கொடுப்பதைவிட அது முக்கியம். ஆனால் இன்னொரு கப்பல் குளவிக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெள்ளை ஈ பிடித்த மட்டையை வெட்டினால், எரிக்கும் முன் கீற்றைத் திருப்பிப் பாருங்கள். கருத்த கூட்டுப்புழுக்கள் தெரிந்தால் அவற்றுக்குள் என்கார்சியா வளர்கிறது. அந்தக் கீற்றுகளை நறுக்கி, ஈ அதிகமுள்ள மரங்களின் ஓலையில் குத்திவிடுங்கள்.