பயறு எண்ணியவர்

டோக்கியோவில், அஸாகுஸா ஸ்டேஷனை ஒட்டிப் பூமிக்கடியில் ஒரு கடைத்தெரு, 1955-இல் திறந்தது. தாழ்ந்த கூரை, தலைக்கு மேல் குழாய்கள். இங்கே ஒரு சலூன். அங்கே சூடான இரும்புத் தட்டில் நூடுல்ஸ் புரட்டுகிறார்கள். ஈரமும் எண்ணெயும் கலந்த வாடை. கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போயிற்று. இந்தக் கூட்டத்தை முதலில் எண்ணிப் பார்த்தவர் ஹயகாவா நோரிட்ஸுகு. லண்டன் பாதாள ரயிலைக் கண்டு ஆசைப்பட்டவர். தெருமுனையில் நின்று, போவோர் வருவோரைச் சட்டைப் பையிலிருந்த பயறு கொண்டு கணக்கிட்டாராம்! 1927 டிசம்பர் 30-இல் அஸாகுஸாவிலிருந்து உயேனோவுக்கு 2.2 கிலோமீட்டர் ரயில் ஓடிற்று. ஐந்து நிமிஷப் பயணத்துக்கு ஜனங்கள் மணிக்கணக்கில் காத்து நின்றார்கள். ஆனால் 1940-இல், பங்குச் சண்டையில் தோற்று, தாம் கண்ட கம்பெனியை விட்டே அவர் வெளியேற நேர்ந்தது. 1942-இல் காலமானார். கின்ஸா ஸ்டேஷனில் அவருடைய சிலை இருக்கிறது. நான் போனபோது அதை நிமிர்ந்து பார்த்தவர் யாருமில்லை. எல்லாருக்கும் ரயிலைப் பிடிக்கிற அவசரம்.