செகுயின் பலகையும் சென்னபட்டணக் கடைசலும்

பத்து மரத்துண்டுகள், அவை பொருந்தும் பத்துக் குழிகள்: வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை முதலியன. உளவியல் மாணவர்கள் 'செகுயின் வடிவப் பலகை' என்று அறியும் இப்பலகை, பெங்களூருவில் குழந்தைகளை மதிப்பிடும் அறைகளில் இன்றும் உண்டு. அருகே ஒரு நிறுத்துக் கடிகாரமும் இருக்கும். பலகை முந்தியது, கடிகாரம் பிந்தியது. அவை எவ்வாறு ஒன்றுசேர்ந்தன என்பது கவனிக்கத்தக்கது.

எதுவார் செகுயின் (1812–1880) பாரிசில் இதாரிடம் பயின்றவர். கற்பிக்க இயலாதவர் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்கு 1840 வாக்கில் கற்பிக்கத் தொடங்கினார். கையையும் கண்ணையும் பழக்கினால் அறிவு அவ்வழியே விழிக்கும் என்பது அவர் கொள்கை. பலகை அதற்கான கருவி. அதில் விரைவுக்கு வேலையில்லை.

மரியா மாண்டிசோரி 1900 வாக்கில் ரோமில் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் செகுயின் முறையைக் கையாண்டு, 1907-இல் அதனைச் சான் லொரென்சோவின் ஏனைய குழந்தைகளுக்கு விரித்தார். 1939-இல் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இன்று மாண்டிசோரி பெயரால் கட்டணம் வாங்கும் பள்ளிகள் பல, அக்கருவிகளின் மூலம் எக்குழந்தைகளிடம் இருந்ததோ அவர்களையே சேர்க்கத் தயங்குகின்றன.

மற்றொரு கிளை அமெரிக்காவில் பிரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியின் வைன்லாந்தில் காடர்டு இப்பலகையை நேரம் குறிக்கும் சோதனையாக்கினார். மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தின் பரத்ராஜ் 1971-இல் இந்தியக் குழந்தைகளுக்கான அளவுகோல்களை வெளியிட்டார். மூன்று முறை செய்யச் சொல்லி, மிகக் குறைந்த நேரத்தைக் கொள்வது வழக்கம். கற்பிக்கப் பிறந்த பலகை அளக்கத் தொடங்கியது.

மூளை முடக்குவாதமும் குறைபார்வையும் ஒருங்கே உடைய குழந்தையிடம் இவ்வளவை பொருளிழக்கிறது. கடிகாரம் கூறுவது தசையின் இறுக்கத்தை. வடிவம் அக்குழந்தைக்குத் தெரியுமா என்பதையன்று. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பல்வகைக் குறைபாட்டை இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்த நிலை என வரையறுக்கிறது. மொழியியல் படித்தவள் என்ற முறையில் 'சேர்ந்த' என்னும் சொல் எனக்கு உறுத்துகிறது. காது கேளாத குழந்தைக்குக் கண் துணை, பார்வையற்ற குழந்தைக்குக் காது துணை. இரண்டும் இல்லையெனில் துணையும் போய்விடுகிறது. இது வெறும் கூட்டல் அன்று.

ஆகவே சிகிச்சை விளையாட்டுப் பொருளின் வடிவமைப்பு, பலகையைக் கடிகாரத்திடமிருந்து மீட்பதில் தொடங்குகிறது. மூன்று விரல்களால் பற்றும் குமிழுக்குப் பதில் உள்ளங்கை நிறையும் தடித்த பிடி. கறுப்புத் தளத்தில் மஞ்சள் அல்லது சிவப்புத் துண்டு. நழுவாத கனத்த அடிப்பகுதி. பொருந்தியதும் காதுக்கும் கைக்கும் எட்டும் ஓர் ஒலி.

பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள சென்னபட்டணம் இதற்கு இயல்பான பட்டறை என்று எவருக்கும் தோன்றும். வெட்பாலை மரம் இலகுவானது. கடைசலில் கூர்முனை எழாது. ஆயினும் சுழலும் மரத்தில் அரக்கு வண்ணத்தை உருக்கி, தாழை ஓலையால் தேய்த்து ஏற்றும் அந்தப் புகழ்பெற்ற பளபளப்பு இங்கே குறையாகிறது. இறுகிய கையில் அது வழுக்கும்; குறைபார்வைக் கண்ணுக்குக் கூசும். நட்சத்திரத்தையோ கடைசல் தராது. ஆனால் பிடியைச் சுற்றி வரிப்பள்ளம் இடுவது அதற்கு மிக எளிது. பள்ளம் இட்டு, ஓலையால் தேய்க்கும் கடைசிப் படியை விட்டுவிட வேண்டும். தம் தொழிலின் பெருமையே அந்தக் கடைசிப் படி என்று எண்ணும் கைவினைஞரிடம் அதனை எப்படிக் கேட்பது?