பெருவியாதி வீட்டுக்கு வந்த வைத்தியங்கள்

உத்திரமேரூர் வட்டாரத்தில் தொழுநோயைப் பெயர் சொல்லிப் பேசியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ‘பெருவியாதி’ என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். தொழுநோய் ஆய்வாளராக மானாம்பதி, சாலவாக்கம், களியாம்பூண்டி பக்கமெல்லாம் சைக்கிளில் சுற்றிய நாட்களில், நோயாளியின் தோலைப் பார்க்கும் முன்பே வீட்டின் அடுப்படி எனக்குச் சேதி சொல்லிவிடும். தனியாக ஒரு சட்டி இருக்கும். உப்பில்லாத சோறு இருக்கும். மாடத்தில் துணி அடைத்த ஒரு புட்டி எண்ணெய் இருக்கும். எல்லாம் யாரோ சொன்ன வைத்தியம். கேட்காமலே வந்து சொன்ன வைத்தியம்.

இதை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்ட எனக்கு அப்படித் தள்ள மனம் வரவில்லை. அங்கே நான் கேட்ட வைத்தியங்களில் பலவற்றுக்கு நீண்ட பூர்வீகம் இருந்தது.

உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 11-ஆம் நூற்றாண்டின் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ‘வீரசோழன்’ என்ற ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. 15 படுக்கைகள். ஒரு வைத்தியர், கத்தி வைத்தியம் செய்ய ஒருவர், மருந்து கொண்டுவந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனின் பெயரே கல்லில் இருக்கிறது; அவருக்கு உரிய நெல்லும் காசும் இருக்கின்றன. குடவோலை முறைக்காக உத்திரமேரூரைப் பார்க்க வருகிறவர்கள் திருமுக்கூடலுக்கும் ஒரு நடை போய்வர வேண்டும் என்பது என் ஆசை.

அந்த ஆதுலர் சாலையில் இருப்பு வைத்த மருந்துகளின் பட்டியலில் பல்லாதக அரீதகி என்று ஒன்று வருகிறது. பல்லாதகம் என்பது நம் சேராங்கொட்டை. ஆனால் படுக்கைகள் கோயில் பணியாளருக்கும் அங்கே படித்த மாணவருக்கும் ஆனவை. ஏரிக்கரையில் மண் சுமந்தவனுக்கு அங்கே இடம் இருந்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை. அவன் வீட்டில் ஒருவர் படுத்தால், தெருவில் நாலு பேர் சொன்னதுதான் மருந்தாக இருந்திருக்கும்.

சேராங்கொட்டையை நான் பார்த்தது கல்வெட்டில் அல்ல. ஓர் இளைஞனின் முதுகில் பார்த்தேன். தோல் நோய்க்குச் சித்த வைத்தியத்திலும் அதற்கு இடம் உண்டு, ஆனால் முறையாகச் சுத்தி செய்த பிறகுதான். அதன் பால் பச்சையாகப் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். சந்தையில் மருந்து விற்ற ஒருவர் சொன்னதைக் கேட்டு, வீட்டிலேயே இடித்துத் தடவியிருக்கிறார்கள். உணர்ச்சி செத்த படையின் மேல் தடவியதால் வெந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. சட்டையில் நீர் ஒட்டியதைப் பார்த்து அவன் அம்மாதான் கண்டுபிடித்தார்.

எண்ணெய்ப் புட்டியின் கதை வேறு. அதில் இருந்தது நீரடிமுத்து எண்ணெய். ஊரார் சொன்னதும் உலகம் நம்பியதும் ஒன்றாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1854-இல் கல்கத்தாவில் மௌவாட் என்ற ஆங்கில மருத்துவர், இதே இனத்தைச் சேர்ந்த சால்முக்ரா எண்ணெயை மேலை மருத்துவத்துக்கு அறிமுகம் செய்தார். குடித்தால் குமட்டியது, பிறகு ஊசியில் ஏற்றித் தோலுக்குள் போட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தொழுநோய்க்கு அதுவே மருந்து. நம் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையிலும் அதுதான். மருத்துவர் ராபர்ட் காக்ரேன் 1946-இல் டாப்சோன் என்ற மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே எண்ணெய் பின்னுக்குப் போனது. 1955-இல் மத்திய அரசு அந்த மருத்துவமனையை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி நிலையமாக்கியது. ஆஸ்பத்திரி எண்ணெயை விட்டுவிட்டது, ஊர் விடவில்லை. திருமணியில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார்: “தொர கையால போட்ட மருந்து சார் அது. அது எப்டி பொய்யாவும்?” அவருக்குச் சொல்ல என்னிடம் சுருக்கமான பதில் இருக்கவில்லை.

ஆகவே ஊர் சொன்ன வைத்தியத்தில் பாதி, பழைய ஆஸ்பத்திரி வைத்தியம். மீதிப் பாதிதான் பத்தியமும் நேர்த்திக்கடனும்: உப்பு, புளி, கத்திரிக்காய், கருவாடு கூடாது, ஞாயிற்றுக்கிழமை விரதம், வைத்தீஸ்வரன் கோயில் திருச்சாந்துருண்டை.

இத்தனை பேர் சொன்னதையும் ஒரு குடும்பம் ஏன் செய்து பார்த்தது? நம்பிக்கை ஒரு காரணம். அதைவிடப் பெரியது பயம் என்று எனக்குப் பட்டது. 1898-இல் வெள்ளைக்காரர் போட்ட தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுக்கும் நோயாளியைப் பிடித்து அடைக்கவும், சில தொழில்களைச் செய்யவிடாமல் தடுக்கவும் அதிகாரம் கொடுத்தது. அது முற்றிலும் நீக்கப்பட்டது 2016-இல்தான். இந்த நோயைக் காட்டி விவாகரத்து கேட்கும் வழியைப் பாராளுமன்றம் அடைத்தது 2019-இல். இப்படிப்பட்ட நோய் ஒரு வீட்டில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது என்றால், அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணம் அவர் வாயில் இருந்தது. அவர் வேர் கொண்டுவந்து கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? காய்ச்சித்தான் ஆக வேண்டும். காய்ச்சியதைக் குடித்தாகவும் காட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கஷாயத்துக்காக விடியலில் எழுந்து அடுப்பு மூட்டியவர்கள், நான் பார்த்தவரை, பெண்கள்தான்.

கூட்டு மருந்து வந்ததும் இந்த வழக்கம் தேயும் என்று நினைத்தோம். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்து, 1983 முதல் நம் தேசியத் திட்டத்தில் சேர்ந்த மருந்து அது. மாதம் ஒருமுறை எங்கள் கண்முன் விழுங்க வேண்டியது ரிஃபாம்பிசின், டாப்சோன் தினமும். அப்போது, நோய் அதிகம் பரவியவர்களுக்குக் க்ளோஃபாசிமினும் சேர்ந்தது. உண்மையிலேயே குணமாக்கும் மருந்து. ஆனால் அது ஊர் கண்ணில் பட்ட விதம் வேறு. ரிஃபாம்பிசின் போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். க்ளோஃபாசிமின் தோலைக் கருக்கும். மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தே நிறம் திரும்பும். சிலருக்கு மருந்து ஓடும்போதே எதிர்வினை வந்து, படை வீங்கி, நரம்பு தெறிக்கும்.

“இன்னா சார், மாத்திர துன்ன ஆரம்பிச்சதுலருந்து புள்ள கரிக்கட்டையாட்டம் ஆயிட்டானே” என்று கேட்ட உறவுக்காரரை எப்படிக் குறை சொல்வது? அவர் கண்ணால் கண்டதைச் சொன்னார். அதற்கு அடுத்து அவர் சொன்ன வாக்கியம்தான் ஆபத்தானது: “அத்த நிறுத்து, நமக்குத் தெரிஞ்ச வைத்தியர் ஒருத்தர் கீறாரு.” எதிர்வினைக்கு உடனே ப்ரெட்னிசலோன் கொடுக்காவிட்டால் நரம்பு செத்துவிடும். விரல் மடங்கிவிடும். அந்த வைத்தியரைத் தேடிப் போய்வந்த சில வாரங்களில் மடங்கிய விரல்களை நான் பார்த்திருக்கிறேன். அவை பிறகு நிமிரவே இல்லை. கோபம் இன்றும் ஆறவில்லை. கொப்புளத்தையும் பத்தியத்தையும் மன்னித்துவிடுவேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னதை என்னால் மன்னிக்க முடியாது.

அதனால் நான் ஒரு வழி வைத்துக்கொண்டேன். எண்ணெயைத் தூக்கிப்போடு என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. மரத்துப்போன காலைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவினால் வெடிப்பு வராது. அது எங்கள் பயிற்சியிலேயே இருந்த பாடம். நீரடிமுத்து எண்ணெயோடு வந்த பக்கத்து வீட்டு ஆயா ஒருவரிடம் சொன்னேன்: “குடிக்கக் கொடுக்காதீங்க ஆயா. தினம் ராத்திரி நீங்களே கால்ல தடவி வுடுங்க. தடவும்போது உள்ளங்காலுல முள்ளு, கொப்புளம், சிவப்பு எது இருந்தாலும் பாத்து எனக்குச் சொல்லுங்க.” அவர் செய்தார். தொட அஞ்சிய வீட்டுக்காரர்கள், ஆயா தொடுவதைப் பார்த்தபின் தாங்களும் தொட்டார்கள். மாத்திரை அட்டை தீரும் தேதியையும் ஆயாவே நினைவில் வைத்துக்கொண்டு, தெருமுனையில் என் சைக்கிளை நிறுத்துவார்.

தொழுநோய் இப்போது குறைந்துவிட்டது. 2005 டிசம்பரில் தேசிய அளவில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைக் கடந்துவிட்டதாக அரசு அறிவித்தது. ஆனால் வைத்தியம் சொல்பவர்கள் குறையவில்லை. அதே தெருக்களில் சர்க்கரை நோய் வீடுகளுக்கும் டயாலிசிஸ் வீடுகளுக்கும் வருகிறார்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரச் சட்டம் தொழுநோயையும் நீரிழிவையும் ஒரே பட்டியலில் வைத்து, குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து சொல்பவரை எந்தச் சட்டமும் தொடாது, தொடவும் வேண்டாம். இன்சுலினை நிறுத்தச் சொல்லும்போது மட்டும் நான் குறுக்கே பேசுகிறேன். மற்றபடி, ஆவாரம்பூவோடு வருகிறவரை உட்காரவைத்து, நோயாளியின் காலை அவர் மடிப்பக்கம் நீட்டச் சொல்கிறேன். சர்க்கரையிலும் பாதம் மரத்துத்தான் போகிறது. அவர் அந்த உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை தடவிப் பார்க்கட்டும். பிறகு பூவைப் பற்றிப் பேசலாம்.